பொன்னினும் பெரிது

நுழையும்முன்

சான்றோரைப் போற்றும் பொருட்டு உலோகத்தில் பொறிக்கப்படும் நினைவுப் பதக்கங்களைத் தேடித் திரட்டுவோர் உலகெங்கும் உள்ளனர். பதக்கத்தை வழங்கியவர் யார், எப்போது வழங்கினார், அதில் எதனைப் பொறித்தார் என ஆராய்ந்தால் அதன் பின்னே ஒரு வரலாறு விரியும். ரைட் சகோதரர்களுள் இளையவரான ஆர்வில் ரைட், வானூர்தியை உருவாக்கியமைக்காகப் பல பதக்கங்களைப் பெற்றவர். ஆயினும், அவர் தம் வாழ்வில் நெடுங்காலம் போராடியது ஒரு வரலாற்றுப் பிழையைத் திருத்துவதற்காகவே ஆகும். அப்போராட்டத்தைக் கூறுவது இப்பாடம்.

இளமையும் சூழலும்

ஆர்வில் ரைட் 1871ஆம் ஆண்டு ஆகஸ்டு 19 அன்று, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள டேட்டன் நகரில் பிறந்தார். தந்தை மில்டன் ரைட் ஒரு கிறித்தவத் திருச்சபையின் ஆயர்; தாய் சூசன் கருவிகளைக் கையாள்வதில் தேர்ந்தவர். தமையன் வில்பர் 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று பிறந்தவர். தங்கை காதரின், ஆர்வில் பிறந்த அதே நாளில் மூன்றாண்டுகள் கழித்துப் பிறந்தார்.

1878ஆம் ஆண்டில் தந்தை தம் பயணத்திலிருந்து திரும்பியபோது ஒரு விளையாட்டுப் பொருளைக் கொண்டுவந்தார். மூங்கில், தக்கை, தாள் ஆகியவற்றால் ஆன அது, முறுக்கிவிட்ட இரப்பர் இழையின் விசையால் மேலெழும்பிப் பறந்தது. அது உடைந்து போகும்வரை சிறுவர் இருவரும் விளையாடினர். உடைந்தபின், அதைப் போன்றே தாமும் செய்து பார்த்தனர்.

உடன்பிறந்தோர் இருவருமே உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற்றவரல்லர், கல்லூரியில் பயின்றவருமல்லர். எனினும், அவர்தம் இல்லத்தில் நூல்கள் நிறைந்திருந்தன. வினா எழுப்புவதற்குத் தடை இல்லை. ஆர்வில் முதலில் அச்சுத்தொழிலில் ஈடுபட்டார். பின்னர், 1892ஆம் ஆண்டில் இருவரும் சேர்ந்து மிதிவண்டிக் கடை ஒன்றைத் தொடங்கினர். 1896ஆம் ஆண்டு முதல் தாமே மிதிவண்டிகளைச் செய்து விற்றனர். மிதிவண்டியைச் செலுத்துபவர் ஒவ்வொரு கணமும் தம் உடலால் சமநிலையைக் காத்துக்கொள்கிறார். அவ்வாறே பறக்கும் பொறியையும் அதைச் செலுத்துபவரே நிலைப்படுத்த வேண்டும் என்னும் எண்ணம் அவர்களிடம் வேரூன்றியது.

வினாவும் விடையும்

1899ஆம் ஆண்டு மே 30 அன்று, வில்பர் வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்குக் கடிதம் ஒன்றை எழுதினார். வானில் பறப்பதைப் பற்றி வெளிவந்துள்ள நூல்களையும் கட்டுரைகளையும் குறித்துத் தகவல் வேண்டினார். முன்பின் அறியாத மிதிவண்டிக் கடைக்காரரின் வேண்டுகோளை அந்நிறுவனம் புறக்கணிக்கவில்லை. தன்னிடமிருந்த வெளியீடுகளை அனுப்பி உதவியது. ரைட் சகோதரர்களின் ஆய்வு அவற்றைப் படித்ததிலிருந்து முறையாகத் தொடங்கியது. பிற்காலத்தில் ஆர்வில் எந்நிறுவனத்தோடு கருத்து மாறுபட நேர்ந்ததோ, அதே நிறுவனம்தான் தொடக்கத்தில் அவர்களுக்கு அறிவுத்துணையாக நின்றது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

அப்போது அந்நிறுவனத்தின் தலைவராக விளங்கியவர் சாமுவேல் லாங்லி என்னும் அறிவியலறிஞர். 1896ஆம் ஆண்டிலேயே நீராவிப் பொறி பொருத்திய ஆளில்லா வானூர்தி மாதிரியை அரை மைலுக்கும் மேலாகப் பறக்கச் செய்தவர் அவர். மனிதரைச் சுமந்து பறக்கும் ஊர்தியை உருவாக்குமாறு அரசு அவருக்கு 50,000 டாலர் வழங்கியிருந்தது.

ரைட் சகோதரர்களுக்கு அத்தகைய பொருளுதவி இல்லை. மிதிவண்டிக் கடையின் வருவாயே அவர்களது முதல். 1900, 1901, 1902ஆம் ஆண்டுகளில் வட கரோலினா மாநிலத்தின் கடற்கரைச் சிற்றூரான கிட்டி ஹாக்கிற்குச் சென்று, பொறியில்லாமல் காற்றில் சறுக்கிச் செல்லும் ஊர்திகளைச் சோதித்தனர். முன்னோர் வகுத்த கணக்கின்படி இறக்கைகளை அமைத்தும், எதிர்பார்த்த அளவு மேலெழும் விசை கிடைக்கவில்லை. உடனே அவர்கள் கணக்கையே ஐயுற்றனர். 1901ஆம் ஆண்டில் ஆறடி நீளமுள்ள மரப்பெட்டி ஒன்றைச் செய்து, அதனுள் விசிறியால் காற்றைச் செலுத்தி, ஏறத்தாழ 200 வகையான சிற்றிறக்கைகளை வைத்து அளந்து பார்த்தனர். பிறர் கூறிய அளவுகளை ஒதுக்கித் தாம் கண்ட அளவுகளை ஏற்றனர். 1902ஆம் ஆண்டின் சறுக்கூர்தி அந்த அளவுகளைக்கொண்டு உருவானது; அது விரும்பியவாறு திரும்பியது, விரும்பியவாறு இறங்கியது.

பன்னிரண்டு நொடிகள்

அடுத்ததாகப் பொறி தேவைப்பட்டது. அவர்களது கடையில் பணியாற்றிய சார்லி டெய்லர் 12 குதிரைத்திறன் உடைய பொறியைச் செய்து கொடுத்தார். உந்து விசிறிகளைச் சகோதரர்களே வடிவமைத்தனர். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 14 அன்று ஊர்தி ஆயத்தமாயிற்று. முதலில் யார் பறப்பது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தனர். வில்பர் வென்றார், ஆனால், ஊர்தி மேலெழுந்த சில நொடிகளிலேயே தரையில் மோதிச் சிறிது பழுதடைந்தது.

பழுது நீக்கப்பட்டபின், டிசம்பர் 17 அன்று ஆர்விலின் முறை வந்தது. குளிர்ந்த காற்று கடுமையாக வீசிக்கொண்டிருந்தது. கடலோர உயிர்மீட்பு நிலையத்தினரும் உள்ளூராருமாக ஐவர் மட்டுமே அங்கிருந்தனர். ஊர்தி தண்டவாளத்திலிருந்து கிளம்பி 12 நொடிகளில் 120 அடி தொலைவு பறந்தது. உயிர்மீட்பு நிலையத்தைச் சேர்ந்த ஜான் டேனியல்ஸ் அக்காட்சியை ஒளிப்படம் எடுத்தார். அன்று நான்கு முறை பறந்தனர். நான்காம் முறை வில்பர் 59 நொடிகளில் 852 அடி கடந்தார். அதன்பின் வீசிய பெருங்காற்று ஊர்தியைப் புரட்டிச் சிதைத்தது. அவ்வூர்தி மீண்டும் ஒருபோதும் பறக்கவில்லை.

இதற்கு ஒன்பது நாள்களுக்கு முன்புதான், டிசம்பர் 8 அன்று, லாங்லியின் பெரிய ஊர்தி இரண்டாம் முறையாகப் பொட்டோமாக் ஆற்றில் வீழ்ந்திருந்தது. அறிஞர் லாங்லி ஏளனத்துக்கு ஆளாகி, 1906ஆம் ஆண்டில் மறைந்தார்.

பதக்கங்கள் குவிந்த காலம்

ரைட் சகோதரர்களின் வெற்றியை உலகம் உடனே நம்பவில்லை. 1905ஆம் ஆண்டு அக்டோபர் 5 அன்று வில்பர் 39 நிமிடங்களில் 24 மைல் தொலைவு பறந்தும், செய்தி பரவலாக ஏற்கப்படவில்லை. 1908ஆம் ஆண்டில் வில்பர் பிரான்சு நாட்டிலும் ஆர்வில் அமெரிக்காவின் மையர் கோட்டையிலும் மக்கள்முன் பறந்து காட்டிய பின்னரே ஐயம் அகன்றது. எனினும், அவ்வாண்டு செப்டம்பர் 17 அன்று ஆர்விலின் ஊர்தி வீழ்ந்தது. உடன் பறந்த படை அலுவலர் தாமசு செல்பிரிட்ஜ் உயிரிழந்தார். ஆர்விலின் காலும் விலா எலும்புகளும் முறிந்தன. தங்கை காதரின் தம் ஆசிரியப் பணியை விட்டுவந்து அவரைப் பேணினார்.

1909ஆம் ஆண்டு பதக்கங்களின் ஆண்டாக அமைந்தது. ஜூன் 10 அன்று வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் டாப்ட், அமெரிக்க வானூர்திக் கழகத்தின் பதக்கங்களைச் சகோதரர்களுக்கு வழங்கினார். ஜூன் 17, 18 ஆகிய நாள்களில் டேட்டன் நகரம் விழாக்கோலம் பூண்டது. அமெரிக்க நாடாளுமன்றம், ஒகையோ மாநிலம், டேட்டன் நகரம் ஆகிய மூன்றின் சார்பிலும் பதக்கங்கள் அளிக்கப்பட்டன. ஏறத்தாழ 2,500 பள்ளிக் குழந்தைகள் சிவப்பு, வெள்ளை, நீல நிற ஆடைகளை அணிந்து, தம் நாட்டின் கொடி வடிவில் நின்று பாடினர். ஊரே கொண்டாடிய அவ்விரு நாள்களிலும் சகோதரர்கள் இடைவேளை கிடைத்தபோதெல்லாம் தம் பணிமனைக்குச் சென்று வேலையைத் தொடர்ந்தனர். படைத்துறைக்கு வாக்களித்த ஊர்தி இன்னும் முடிவுறாமல் இருந்ததே அதற்குக் காரணம். விழா முடிந்ததும் வாஷிங்டனுக்குப் புறப்பட்டனர். ஆர்வில், முந்தைய ஆண்டு தாம் வீழ்ந்த அதே களத்தில் மீண்டும் பறந்து, ஜூலை 30 அன்று சோதனையை வெற்றியுடன் நிறைவு செய்தார்.

1910ஆம் ஆண்டில் ஸ்மித்சோனியன் நிறுவனம், மறைந்த லாங்லியின் பெயரால் தான் ஏற்படுத்திய பதக்கத்தை முதன்முதலாக ரைட் சகோதரர்களுக்கே வழங்கியது.

தெரிந்து தெளிவோம்

நாணயங்களைப் பற்றி ஆராயும் நாணயவியலில் பதக்கங்களும் அடங்கும். நாணயத்துக்குப் பண மதிப்பு உண்டு. பதக்கத்துக்கு அது இல்லை. பதக்கம் உருவாகும் முறை நுட்பமானது. சிற்பி முதலில் அதன் உருவத்தைப் பெரிய அளவில் அமைப்பார். அவ்வுருவம் எந்திரத்தின் துணையால் சிறிதாக்கப்பட்டு எஃகு அச்சில் செதுக்கப்படும். அந்த அச்சுக்கு இடையே உலோகத்தை வைத்து அழுத்தினால் உருவம் புடைத்தெழும். அமெரிக்க நாடாளுமன்றம் வழங்கும் பதக்கம் பொன்னால் ஆனது. அதன் வெண்கலப் படிகளை அந்நாட்டு நாணயச்சாலை பொதுமக்களுக்கு விற்பதுண்டு. ரைட் சகோதரர்களின் உருவங்கள் இணைந்து அமைந்த பதக்கத்தை இன்றைய ஆர்வலர் பலர் திரட்டி வைத்திருப்பது இவ்வகையில்தான்.

பதக்கம் திரட்டுவோர் அதன் இரு பக்கங்களையும் விளிம்பையும் கூர்ந்து நோக்குவர். முதலில் அடிக்கப்பட்டதா, பின்னாளில் மீண்டும் அடிக்கப்பட்டதா என ஆராய்வர். விளிம்பைப் பிடித்தே பதக்கத்தைக் கையாள்வர். துலக்கித் தேய்த்தால் காலம் படியச்செய்த நிறம் நீங்கி அதன் மதிப்புக் குறையும் என்பதால் அவ்வாறு செய்யார். வழங்கியவர் யார் என்பதையும் மறவாது குறித்துக்கொள்வர். முதல் பறத்தல் நிகழ்ந்த வட கரோலினா 2001ஆம் ஆண்டிலும், வானூர்தி உருவான ஒகையோ 2002ஆம் ஆண்டிலும் தத்தம் பெயருடைய கால் டாலர் நாணயத்தில் வானூர்தியைப் பொறித்துக்கொண்டன. பொறித்தவர் எவரோ அவரது பெருமிதமும் உலோகத்தில் இடம்பெறும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

பலகையில் ஒரு பிழை

1912ஆம் ஆண்டு மே 30 அன்று, வில்பர் குடற்காய்ச்சலால் தம் 45ஆம் அகவையில் மறைந்தார். இருவரும் இணைந்து எண்ணிய எண்ணங்களுக்கும் செய்த செயல்களுக்கும் இனி ஆர்வில் ஒருவரே சான்று. மறு ஆண்டு டேட்டனில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்த முதல் வானூர்தி நீரிலும் சேற்றிலும் மூழ்கியது. நல்வாய்ப்பாக, அது முற்றிலும் அழியவில்லை.

1914ஆம் ஆண்டில் நிகழ்ந்தது அவரைப் பெரிதும் வருத்தியது. அப்போது வானூர்தி வடிவமைப்பாளர் கிளென் கர்ட்டிசுக்கும் ரைட் நிறுவனத்துக்கும் இடையே காப்புரிமை வழக்கு நடந்துகொண்டிருந்தது. லாங்லிக்குப்பின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவரான சார்லஸ் வால்காட், லாங்லியின் பழைய ஊர்தியைச் சோதித்துப் பார்க்குமாறு அந்தக் கர்ட்டிசிடமே ஒப்படைத்தார். கர்ட்டிசு இறக்கையின் வளைவை மாற்றினார்; அதைத் தாங்கும் கட்டுமானத்தை வலுப்படுத்தினார்; உந்து விசிறிகளைத் திருத்தினார்; நீரில் மிதக்கும் அடிப்பகுதிகளைச் சேர்த்தார். இத்தனைக்குப் பின்னர், நியூயார்க் மாநிலத்து ஏரியொன்றின் மேல் அது சில நொடிகள் எழும்பியது.

சோதனை முடிந்ததும் ஊர்தியை 1903ஆம் ஆண்டின் பழைய நிலைக்கே மாற்றி அருங்காட்சியகத்தில் வைத்தனர். மனிதரைச் சுமந்து பறக்கும் ஆற்றலோடு உலகில் முதலில் அமைந்த வானூர்தி அதுவே என்னும் பொருள்பட விளக்கப் பலகை ஒன்றையும் அமைத்தனர். செய்த மாற்றங்கள் அப்பலகையில் குறிக்கப்படவில்லை. நான்காண்டுகளுக்கு முன் ரைட் சகோதரர்களுக்குப் பதக்கம் அளித்த கையே, அவர்தம் முதன்மையை மறுக்கும் இச்சோதனைக்கு இடமளித்தது.

ஆர்வில் மேடையில் பேசுவதை அறவே தவிர்த்தவர், கூச்ச இயல்பினர். அத்தகையவர் இப்பொருளில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய ஒளிப்படங்களைத் திரட்டி, மாற்றங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் காட்டினார். அவருடைய நண்பரான ஆங்கிலேயர் கிரிபித் புரூவர் 1921ஆம் ஆண்டில் லண்டனில் ஆற்றிய உரையில் இவ்வேறுபாடுகளை எடுத்துரைத்தார். லாங்லியின் உழைப்பை ஆர்வில் இழித்துரைக்கவில்லை. செய்யப்பட்ட மாற்றங்களை மறைக்காமல் வெளியிட வேண்டும் என்பதே அவரது கோரிக்கை.

கடல் கடந்த வானூர்தி

ஆண்டுகள் கடந்தும் நிறுவனம் இசையவில்லை. 1928ஆம் ஆண்டில் ஆர்வில் தம் முதல் வானூர்தியை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தார். தம் நாட்டின் பெருமைக்குரிய பொருளை அயல்நாட்டுக்கு அனுப்புவது அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை. எனினும், பிழையான வரலாற்றின் அருகே அதனை நிறுத்துவதற்கு அவர் மனம் ஒப்பவில்லை. இதன்பின் நிறுவனம் பலகையின் சொற்களை மாற்றியமைத்தது. ரைட் சகோதரர்களின் முதன்மையையும் பொதுவாக ஒப்புக்கொண்டது. ஆயினும், 1914ஆம் ஆண்டில் என்ன செய்யப்பட்டது என்பதை வெளியிடவில்லை. அது வெளிவராதவரை ஊர்தி லண்டனிலேயே இருக்கும் என்பதில் ஆர்வில் உறுதியாக நின்றார்.

இக்காலத்திலும் அவரைத் தேடிச் சிறப்புகள் வந்தன. 1929ஆம் ஆண்டில் வான்பறத்தலுக்கான படைத்துறைச் சிலுவைப் பதக்கம் வழங்கப்பட்டது. டேனியல் குகன்ஹைம் பதக்கத்தின் முதல் பெறுநராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1932ஆம் ஆண்டில், கிட்டி ஹாக்கை அடுத்த மணற்குன்றின்மேல் 60 அடி உயரக் கருங்கல் நினைவுத்தூண் எழுப்பப்பட்டபோது, அவ்விழாவில் அவரும் இருந்தார். பொன்னும் கருங்கல்லும் அவரது புகழைக் கூறின. ஆனால், அவர் கேட்ட சில பக்கங்கள் மட்டும் அச்சேறவில்லை.

உண்மை திரும்பியது

1942ஆம் ஆண்டு அக்டோபர் 24 அன்று அது நிறைவேறியது. நிறுவனத்தின் அப்போதைய தலைவர் சார்லஸ் ஆபட், லாங்லியின் ஊர்தியில் 1914ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மாற்றங்களைப் பட்டியலிட்டு அறிக்கை வெளியிட்டார்; முன்னைய கூற்றுகளுக்கு வருத்தமும் தெரிவித்தார். சோதனை நிகழ்ந்து 28 ஆண்டுகள் கடந்திருந்தன. ஆர்வில் அதனை ஏற்றார். உலகப்போர் முடிந்தபின் வானூர்தியை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்புமாறு லண்டன் அருங்காட்சியகத்துக்கு 1943ஆம் ஆண்டில் எழுதினார்.

1944ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் புதிய பயணியர் வானூர்தியொன்றில் ஏறிச் சிறிது நேரம் அதனை இயக்கினார். அதன் இறக்கைகளின் நீளம் 123 அடி. 1903ஆம் ஆண்டில் அவர் முதன்முதலாகப் பறந்த தொலைவு 120 அடி. ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் வானியல்பயணம் அவ்வளவு வளர்ந்திருந்தது.

1948ஆம் ஆண்டு சனவரி 30 அன்று ஆர்வில் தம் 76ஆம் அகவையில் டேட்டனில் காலமானார். தம் ஊர்தி தாயகம் திரும்பியதை அவர் காணவில்லை. அவ்வாண்டின் இறுதியில் அது கப்பலேறி அமெரிக்கா வந்தது. ஆர்விலின் உடைமைகளுக்குப் பொறுப்பானவர்கள் அதனை ஒரே ஒரு டாலர் விலைக்கு ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அளித்தனர். டிசம்பர் 17 அன்று, முதல் பறத்தல் நிகழ்ந்து சரியாக 45 ஆண்டுகள் நிறைவுற்ற நாளில், அது அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது. அவ்வொப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. ரைட் சகோதரர்களின் ஊர்திக்கு முன்பே மனிதரைச் சுமந்து தன்விசையால் கட்டுப்பாட்டோடு பறக்கும் ஆற்றல் பெற்ற வேறோர் ஊர்தி இருந்ததாக நிறுவனம் கூறுமாயின், வானூர்தி உரியவரிடமே திரும்பிச் சென்றுவிடும். உண்மையின் காவலுக்காக எழுதப்பட்ட அவ்விதியைப் பின்னாளில் சிலர் குறை கூறியதும் உண்டு. வரலாற்றை ஒப்பந்தத்தால் கட்டலாகாது என்பது அவர்கள் வாதம்.

ஆர்வில் பெற்ற பதக்கங்களை இன்று நாம் காணும்போது அவற்றில் அவர் அடைந்த வெற்றியைக் காண்கிறோம். கிடைத்த அளவுகளை நம்பாமல் தாமே அளந்து பார்த்த நேர்மையையும், தம்மைப் போற்றிய நிறுவனத்திடமே திருத்தம் வேண்டி 28 ஆண்டுகள் காத்திருந்த உறுதியையும் எந்தப் பதக்கமும் காட்டுவதில்லை. அவற்றை அறிய அவரது வாழ்வையே படிக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள பதக்கம், கேடயம், நினைவு நாணயம் ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்து, அதனை வழங்கியவர், ஆண்டு, பொறிக்கப்பட்ட செய்தி ஆகியவற்றைக் குறிப்பெடுத்து, அதன் வரலாற்றை வகுப்பில் எடுத்துரைக்க.

2. ஆர்வில் தம் வானூர்தியை அயல்நாட்டுக்கு அனுப்பியது முறையா? இரு தரப்புக் கருத்துகளையும் தொகுத்துச் சொற்போர் நிகழ்த்துக.

3. அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்குச் சென்று, அங்குள்ள ஒரு பொருளின் விளக்கப் பலகையைப் படித்து, அதில் இடம்பெறாத செய்திகள் எவையெனக் கேட்டறிந்து கட்டுரையாக எழுதுக.